அம்மா சாப்பிடாமல் கிடந்ததால்தான் எனக்குச் சர்க்கரையா?

#1 நடுநிசி
வணக்கம். வயது 38. போன மாதம் சர்க்கரை உறுதியானது, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 7.4. அதைப் பற்றிப் புலம்ப வரவில்லை. மாத்திரை, நடை எல்லாம் ஆரம்பித்தாகிவிட்டது. பிரச்சினை அம்மா.

என்னைச் சுமந்தபோது அம்மாவுக்கு ஓயாத வாந்தி. நாலைந்து மாதம் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லையாம். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவைத்தார்கள்: கர்ப்பத்தில் தாய் பட்டினி கிடந்தால் பிள்ளையின் மரபணு மாறிவிடுமாம், பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் நீரிழிவு வருமாம். அதைப் படித்ததிலிருந்து "நான்தான் உனக்கு இதைக் கொடுத்தேன்" என்று ஒரே பேச்சு. நேற்று என் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"அதெல்லாம் பொய்ம்மா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தால் முழுப் பொய்யும் இல்லை போலிருக்கிறது. அம்மாவிடம் என்னதான் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஏழாம்தலைமுறை
உங்கள் அம்மா சொல்வது சரிதான் நண்பரே. எபிஜெனடிக்ஸ் என்ற துறை இதை நிரூபித்துவிட்டது. முன்னோர் பட்ட பசி, பயம், துக்கம் எல்லாம் டிஎன்ஏவில் பதிந்து தலைமுறை தலைமுறையாக வரும். உங்கள் உடம்பில் இருப்பது உங்கள் பாட்டியின் கண்ணீர்.

#3 சோதனைக்குழாய்
ஏழாம்தலைமுறை, அந்த "நிரூபித்துவிட்டது" என்ற சொல்லைக் கொஞ்சம் கீழே இறக்கிவைப்போம். நான் ஆய்வுக்கூடத்தில் மெத்திலேஷன் பரிசோதனை செய்பவள். தினமும் இதோடுதான் மல்லுக்கட்டு.

நம் டிஎன்ஏ ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்துகளில் எழுதப்பட்ட 320 கோடி எழுத்து நீளச் சரம். ஈரல் செல்லிலும் அதே சரம்தான், கண் செல்லிலும் அதே சரம்தான். ஆனால் எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும், எதை மூடிவைக்க வேண்டும் என்பது செல்லுக்குச் செல் வேறு. அந்த மூடல் வேலையைச் செய்பவற்றில் ஒன்று மெத்தில் என்ற சின்ன ஒட்டு. பெரும்பாலும் சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஜி வரும் இடங்களில், அந்த சியின் மேல் ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறாது, எழுத்தின் மேல் ஒட்டு விழும், அவ்வளவுதான். எபிஜெனடிக்ஸ் என்பது இப்படிப்பட்ட ஒட்டுகளைப் பற்றிய படிப்பு. வாட்ஸ்அப் செய்தி "மரபணு மாறிவிடும்" என்றதே, அங்கேயே முதல் தப்பு.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் தெரியுமா? டிஎன்ஏவை பைசல்ஃபைட் கரைசலில் சில மணி நேரம் போட்டுவைப்போம். ஒட்டு இல்லாத சி எல்லாம் உருமாறி, படிக்கும்போது டி என்று வரும். மெத்தில் ஒட்டிய சி மட்டும் சியாகவே நிற்கும். மூலச் சரத்தையும் இதையும் அருகருகே வைத்தால் எங்கெங்கே ஒட்டு இருந்தது என்று தெரிந்துவிடும். கேட்க எளிது. ஆனால் இரத்தத்தில் பல வகை வெள்ளையணுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒட்டுக் கோலம் வேறு. மாதிரி கொடுத்தவருக்கு முந்தின வாரம் காய்ச்சல் வந்திருந்தால் அணுக்களின் விகிதம் மாறி, மெத்திலேஷனே மாறியதுபோல எண் காட்டும். இதைச் சரிக்கட்டாமல் வந்த கட்டுரைகள் ஏராளம்.

சரி, பட்டினிக்கு வருகிறேன். உங்கள் அம்மாவுக்கு வந்த செய்தியின் வேர் அநேகமாக நெதர்லாந்துப் பஞ்சம். 1944 கடைசியில் ஜெர்மானியர்கள் உணவுப் போக்குவரத்தை அடைத்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வரும்வரை நாட்டின் மேற்குப் பகுதியில் கடும் பசி. உச்சத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரிதான். அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது ஆண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். 2008இல் வந்த முடிவு: கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பஞ்சத்தில் சிக்கியவர்களுக்கு, வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 மரபணுவில் மெத்தில் ஒட்டு, பஞ்சத்தில் சிக்காத அவர்கள் உடன்பிறப்புகளைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு? சுமார் 5 சதவீதம்.

சர்க்கரைக்கு நேரடிச் சான்று உக்ரைனிலிருந்து. 1932-33 பஞ்சத்தை ஒட்டிப் பிறந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து 2024இல் ஒரு ஆய்வு வந்தது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கர்ப்பத்தின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே நடுநிசி, "அதெல்லாம் பொய்ம்மா" என்பது ஒத்துவராது.

ஆனால் இது பரம்பரையே இல்லை! அந்தக் குழந்தை பசியைத் தாயிடமிருந்து சொத்துபோலப் பெறவில்லை. அதுவே அந்தப் பசிக்குள் இருந்தது. கருவில் இருப்பது பெண் குழந்தையென்றால் அதன் கருமுட்டைகளும் அப்போதே அதற்குள் உருவாகிவிடும். தாய், மகள், பின்னால் பிறக்கப்போகும் பேத்தியின் பாதி, மூன்று பேரும் ஒரே பசியில். "தலைமுறை தாண்டிக் கடத்தப்படுகிறது" என்று சொல்ல வேண்டுமானால், கர்ப்பிணி விஷயத்தில் அந்தப் பசிக்குள் இல்லாத கொள்ளுப்பேரன் தலைமுறையில் காட்ட வேண்டும். அதுவரை போன ஆய்வுகள் மனிதர்களில் மிகக் குறைவு.

#4 தராசு
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பெற்றோரின் மெத்தில் ஒட்டுகளை உடம்பு இரண்டு முறை துடைக்கிறது. கருத்தரித்த முதல் சில நாட்களில் ஒரு முறை. அப்புறம் அந்தக் கருவுக்குள் வருங்கால முட்டைக்கும் விந்துக்கும் உரிய செல்கள் உருவாகும்போது இன்னொரு முறை. கரும்பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதுபோல. பாட்டியின் கண்ணீர் இந்த இரண்டு துடைப்பையும் தாண்டி வர வேண்டும்.

யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளிடம், மன அழுத்தத்தோடு தொடர்புடைய எஃப்கேபிபி5 மரபணுவின் ஒட்டில் மாற்றம் என்று ஒரு ஆய்வு உலகம் முழுக்கச் செய்தியானது. அதில் இருந்தது 32 தப்பியவர்கள், அவர்கள் பிள்ளைகள் 22 பேர். எடுத்தது இரத்தம், விந்தோ முட்டையோ அல்ல. இன்னொரு வேடிக்கை, பெற்றோரிடம் ஒட்டு கூடியிருந்தது, பிள்ளைகளிடம் குறைந்திருந்தது. கடத்தப்பட்டதென்றால் எதிர்ப்பக்கமாகவா வரும்? அப்படிப்பட்ட வீட்டில் வளர்வதே ஒரு அனுபவம். அதன் தடமாகவும் இருக்கலாம்.

#5 ஏழாம்தலைமுறை
எலியில் காட்டிவிட்டார்களே? தாய் எலி பாசமாக இருந்தால் குட்டிக்கு மரபணு மாறுகிறது, அந்தக் குட்டியின் குட்டிக்கும் வருகிறது.

#6 தராசு
நல்ல உதாரணம், ஆனால் உங்கள் பக்கம் அல்ல. 2004இல் கனடாவில் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் என்ற ஆய்வாளர்கள் குழு வெளியிட்டது. குட்டிகளை நிறைய நக்கிக்கொடுக்கும் தாய்கள், நக்காத தாய்கள் என்று இரண்டு வகை. நக்கப்பட்ட குட்டிகளின் மூளையில் மன அழுத்த ஹார்மோனின் ஏற்பி மரபணுவில் ஒட்டு குறைவு, வளர்ந்தபின் பதற்றமும் குறைவு. அப்புறம் குட்டிகளை மாற்றிவைத்தார்கள். நக்காத தாய் பெற்ற குட்டி, நக்கும் தாயிடம் வளர்ந்தால் வளர்த்தவளைப் போலவே ஆனது. அந்தப் பெண் குட்டி தாயானதும் தானும் நக்கியது. தலைமுறை தாண்டிப் போகிறது, ஒட்டும் மாறுகிறது, எல்லாம் உண்மை. ஆனால் போகும் பாதை கருமுட்டை அல்ல, நாக்கு.

#7 பூக்காரன்
இழை முழுக்க எலியும் மனிதனுமாக ஓடுகிறது. தாவரங்களுக்கும் ஓரிடம் கொடுங்கள். துடைப்பு அங்கே இவ்வளவு முழுமையாக நடப்பதில்லை. அதனால் ஒட்டு உண்மையாகவே விதை வழியாகப் போகும்.

டோட்ஃபிளாக்ஸ் என்று மஞ்சள் பூ பூக்கும் ஒரு செடி. சாதாரணமாகப் பூ ஒரு பக்கமாக, வாய் திறந்ததுபோல இருக்கும். 1740களில் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் கைக்கு வந்த ஒரு வகையில் பூ ஐந்து பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. அவர் திகைத்துப்போய் "பெலோரியா", அதாவது விகார உரு, என்று பெயர் வைத்தார். 1999இல் காரணம் தெரிந்தது. ஒரு மரபணுவின் எழுத்துகள் அப்படியே இருக்கின்றன, அதன் மேல் மெத்தில் அப்பிக்கிடக்கிறது. மரபணு வாய் மூடிவிட்டது, பூ உருமாறிவிட்டது. சில சமயம் அதே செடியில் ஒரு கிளையில் ஒட்டு கழன்று பழைய பூ வந்துவிடும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

#8 சோதனைக்குழாய்
பூக்காரன், அருமை. விலங்கிலும் துடைப்பிலிருந்து தப்பும் இடங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தராசு ஒரேயடியாகக் கடையை மூடிவிடுவார். சுமார் நூறு மரபணுக்களில் "இது அப்பாவிடமிருந்து வந்தது", "இது அம்மாவிடமிருந்து வந்தது" என்ற முத்திரை கருத்தரித்தபின் நடக்கும் துடைப்பிலும் அழியாமல் நிற்கும். 15ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இருக்கிறது. அது அப்பா தந்த பிரதியில் விடுபட்டால் பிராடர்-வில்லி, குழந்தைக்கு அடங்காத பசி. அதே துண்டு அம்மா தந்த பிரதியில் விடுபட்டால் ஏஞ்சல்மன், பேச்சு வராது, வலிப்பு வரும், எப்போதும் சிரித்த முகம். எழுத்து ஒன்று, விடுபட்ட இடம் ஒன்று, யார் கொடுத்தது என்பதில் நோயே வேறு. முதல் முறை படித்தபோது நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் அந்த முத்திரை ஒவ்வொரு தலைமுறையிலும் அழிக்கப்பட்டு, கொடுப்பவர் ஆணா பெண்ணா என்பதற்கு ஏற்பப் புதிதாகக் குத்தப்படுகிறது. பாட்டியின் வாழ்க்கை வரலாறு அதில் இல்லை.

#9 மூவர்ணப்பூனை
எழுத்து ஒன்றாக இருந்தும் உருவம் மாறும் என்பதற்கு என் பெயரிலேயே உதாரணம் இருக்கிறது :) 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த சிசி தான் உலகின் முதல் குளோனிங் பூனை. செல் கொடுத்த ரெயின்போ மூன்று நிறப் பூனை. அதே டிஎன்ஏ, ஆனால் சிசியின் உடம்பில் ஆரஞ்சு நிறமே இல்லை. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஒவ்வொரு செல்லிலும் ஒன்று மூடப்படும். ஆரஞ்சு, கறுப்பு இரண்டும் எக்ஸில் இருப்பதால் ரெயின்போ திட்டுத் திட்டாக இருந்தது. சிசி வந்த செல்லில் ஆரஞ்சு இருந்த எக்ஸ் மூடப்பட்டிருந்தது, குளோனிங்கில் அது திறக்கவே இல்லை. செல்லப் பூனையை அச்சு அசலாகத் திரும்பப் பெறலாம் என்று நினைத்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

#10 நடுநிசி
எல்லோருக்கும் நன்றி, பாதி புரிந்தது, பாதியை மறுபடி படிக்க வேண்டும். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு, 45 வயதில் வந்தது. பெரியப்பாவுக்கும் உண்டு. அப்பாவின் அப்பாவுக்கு அதனால் கால் விரலை எடுத்தார்கள். அம்மா பக்கம் யாருக்கும் இல்லை.

#11 தராசு
அடப்பாவி, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே! ஒரு பூப் படிக்க வேண்டியிருந்திருக்காது. (பூக்காரன் மன்னிக்க.)

பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகை இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம், இருவருக்கும் இருந்தால் சுமார் 70 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பலர் நினைப்பதற்கு மாறாக, சின்ன வயதில் வரும் முதல் வகையைவிட இந்த இரண்டாம் வகைதான் குடும்பத்தில் அதிகம் ஓடுகிறது. இதற்கு ஒரு தனி மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன எழுத்து வேறுபாடுகள். 2006இல் கண்டுபிடித்த டிசிஎஃப்7எல்2 அவற்றில் வலுவானது, அதுவே ஒரு பிரதிக்கு வாய்ப்பைச் சுமார் 1.4 மடங்குதான் ஆக்குகிறது. அதோடு ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே உட்கார்ந்த வாழ்க்கை. குடும்பத்தில் ஓடுவது எல்லாம் டிஎன்ஏ வழியாக ஓடுவதில்லை.

#12 பெயர்வேண்டாம்
"அப்பா பக்கம்" என்றதும் எழுதத் தோன்றியது. அத்தைக்கு 41 வயதில் மார்பகப் புற்று. அப்பாவின் அம்மாவுக்குச் சினைப்பைப் புற்று. நான் பரிசோதனைக்குப் போன இடத்தில் படிவத்தில் "தாய், தாய்வழிப் பாட்டி, சகோதரி" என்று மட்டும் கட்டங்கள். அப்பா பக்கம் இருக்கிறதே என்றேன், "அது கணக்கில் வராது, ஆண்கள் வழியாக மார்பகப் புற்று எப்படி வரும்" என்று அந்த மருத்துவர் சிரித்தார். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை.

மூன்று ஆண்டு கழித்து வேறொருவர் கேட்டுப் பரிசோதித்தபோது பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பழுது. அப்பாவிடமிருந்து. அந்த மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது எல்லோருக்கும் இரண்டு பிரதி, அப்பாவுக்கும் உண்டு, பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைக்கு வரும். அப்பாவுக்கு எதுவும் வரவில்லை, நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். பழுது உள்ள பெண்களில் பத்தில் ஏழு பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருகிறது. எனக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, சினைப்பையை எடுப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. குடும்ப வரலாறு எழுதும்போது இரண்டு பக்கமும் எழுதுங்கள், கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.

#13 ஏழாம்தலைமுறை
மேலே எழுதிய சகோதரிக்கு நலமாகட்டும்.

சரி, தராசு, ஸ்வீடன் ஆய்வுக்கு என்ன சொல்கிறீர்கள்? ஓவர்காலிக்ஸ் என்ற ஊரில் செய்தது. தாத்தா சிறுவயதில் நிறையச் சாப்பிட்டால் பேரனுக்கு ஆயுள் குறைவு என்று வந்ததே. தாத்தா கர்ப்பமாக இல்லையே!

#14 தராசு
இது சரியான கேள்வி. வட ஸ்வீடனில் விளைச்சல் பதிவுகளை வைத்து, தாத்தா வாலிப வளர்ச்சிக்குச் சற்று முந்தின வயதில், ஏறக்குறைய 9 முதல் 12க்குள், எவ்வளவு உணவு கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். நல்ல விளைச்சல் பார்த்த தாத்தாவின் மகன்வழிப் பேரன்களுக்கு இறப்பு விகிதம் கூடுதல். ஆட்கள் சில நூறு பேர்தான் என்பதால் நான் நம்பவில்லை. 2018இல் ஸ்வீடனின் உப்சாலா நகரப் பதிவுகளில் பல மடங்கு பெரிய ஆய்வு வந்தது. தாத்தா-பேரன் தொடர்பு அங்கும் தெரிந்தது, முக்கியமாகப் புற்றுநோய் இறப்பில். மற்ற பல தொடர்புகள் தெரியவில்லை. அதனால் என் "நம்பவில்லை" இப்போது "காத்திருக்கிறேன்" ஆகிவிட்டது. விந்தணு வழியாக எதுதான் போகிறது, சிறு ஆர்என்ஏவா (டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்படும் குட்டித் துண்டு), வேறெதுவுமா என்று எலிகளில் தேடுகிறார்கள்.

ஆனால் கவனியுங்கள், அங்கே கேடு செய்தது பசி அல்ல, செழிப்பு. வாட்ஸ்அப் செய்திக்கு இது ஒத்துவராது.

#15 சோதனைக்குழாய்
நடுநிசி, ஒரு கேள்வி. உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? அவர்களைச் சுமந்தபோதும் அம்மாவுக்கு இந்த வாந்தி இருந்ததா? நெதர்லாந்து ஆய்வில் உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டதன் காரணமே இதுதான்.

#16 நடுநிசி
ஒரு தங்கை, வயது 34. அவளைச் சுமந்தபோது அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, எட்டாம் மாதம்வரை வேலைக்குப் போனார். தங்கை ஹெச்பிஏ1சி பார்த்ததே இல்லை. உங்கள் கேள்வியைக் காட்டி நேற்று எடுக்கவைத்தேன். 6.2.

#17 சோதனைக்குழாய்
5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தின நிலை. இரண்டு பேரை வைத்து அறிவியல் செய்ய முடியாது. ஆனால் அம்மாவிடம் சொல்ல இதைவிட நல்ல விஷயம் இல்லை, வாந்தி இல்லாமல் பிறந்தவளும் அதே பாதையில்தான் இருக்கிறாள். தங்கையை உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் எடை குறைப்பது, நடப்பது இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். மரபில் வந்தது என்றால் கைவைக்க முடியாதது என்று நினைக்க வேண்டாம். ஃபீனைல்கீட்டோனூரியா நூறு சதவீதம் மரபணுக் கோளாறு. பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, ஃபீனைலலனின் (புரத உணவில் இருக்கும் ஒரு பொருள்) குறைந்த உணவு கொடுத்தால் மூளை பாதிக்காமல் குழந்தை வளர்ந்துவிடும்.

#18 இரவுப்பணி
பிரசவ வார்டில் வேலை. இத்தனை பேர் பேசினீர்கள், அந்த வாந்தியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே.

கடும் கர்ப்ப வாந்திக்குக் காரணம் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் என்று 2023 கடைசியில் நேச்சர் இதழில் வந்தது. கர்ப்பத்தில் தாயின் இரத்தத்தில் ஏறும் ஜிடிஎஃப்15இல் பெரும்பகுதி கருவின் பக்கமிருந்து, நச்சுக்கொடி வழியாக வருகிறது. கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்ணுக்கு இந்தத் திடீர் ஏற்றம் தாங்காது, வாந்தி பிய்த்துக்கொள்ளும். முன்பே அதிகமாக இருந்தவருக்குப் பழகிப்போயிருக்கும். தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு எப்போதும் அது கூடுதல், அவர்களுக்குக் கர்ப்ப வாந்தி மிகக் குறைவு. அதாவது தாயின் மரபணுவும் பிள்ளையின் மரபணுவும் சேர்ந்து ஆடும் ஆட்டம். "மனசில் பிள்ளை மேல் விருப்பமில்லை, அதான் வாந்தி" என்று பழி சுமந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா வேண்டுமென்றா பட்டினி கிடந்தார்? டிரிப் ஏற்றிக்கொண்டு உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

#19 நடுநிசி
நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். மெத்தில் ஒட்டு, பூனை எதுவும் ஏறவில்லை. பஞ்சத்தில் வாய்ப்பு கூடியது உண்மை, ஆனால் அது நாடே பட்டினி கிடந்த கணக்கு என்றேன். தங்கையின் 6.2ஐச் சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்தார். அப்புறம் இரவுப்பணி அக்கா சொன்னதைச் சொன்னேன்: "உன்னை வாந்தி எடுக்கவைத்த ஹார்மோனை அனுப்பியதே நான்தான்."

"பிறக்கும் முன்னாலேயே ஆரம்பிச்சிட்டியா" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார்.

அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "உங்க அப்பாவுக்கு எத்தனை வயசுல விரலை எடுத்தாங்க?" என்று ஆரம்பித்தார். அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.